மேல் தட்டில் ஒரு மெழுகுவர்த்தி

வளைகுடாவில் இருக்கிற எங்களுக்கு ஊரிலிருந்து சாவுச் செய்தி வராது. "சீரியஸ்" என்றுதான் வரும்.

"அம்மாவுக்குக் கொஞ்சம் சீரியஸ், உடனே கெளம்பி வா" என்று போன் வந்தால், இங்கே பழம் தின்று கொட்டை போட்டவர்கள் மேலே ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். கேம்ப்பில் ஒருத்தருக்கு அப்படி வந்தால் ரூமில் இருக்கிற அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. என்றைக்கும் இல்லாத திருநாளாக அவருக்கு டீ போட்டுக் கையில் கொடுப்பார்கள். அவர் பெட்டியை வேறு யாரோ அடுக்குவார்கள். லீவு கேட்டால் எரிந்து விழுகிற ஃபோர்மேன் வாயைத் திறக்காமல் கையெழுத்துப் போடுவார். அந்த மனுஷனும் "ஆஸ்பத்திரியில சேர்த்தாச்சாம், பார்த்துக்குவாங்க" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ஏர்போர்ட்டுக்குப் போவார். வழியில் அவர் உடைந்துபோய்விடக் கூடாதாம், அதற்காக இந்த நாடகம். நல்ல எண்ணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு இதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

என் அம்மா போனபோது என்னிடமும் அதைத்தான் சொன்னார்கள். அண்ணன் போன் பண்ணி "சீரியஸ்" என்றான். நான் துபாயில் அல் குசைஸ் வீட்டிலிருந்து சத்வா கடைத்தெருவுக்கு ஓடி, ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்று முன்பக்கம் பட்டன் வைத்த காட்டன் நைட்டிகள் வாங்கினேன். பிளேனில் கொடுத்த சாப்பாட்டைச் சாப்பிட்டேன். மனசு கிடந்து அடித்துக்கொள்கிறதே என்று ஒரு காமெடிப் படத்தைப் போட்டு, நாலைந்து இடத்தில் சத்தமாகச் சிரிக்கவும் சிரித்தேன். திருச்சியில் இறங்கி, கார் எங்கள் தெருமுனையில் திரும்பும்போது சுவரில் அம்மாவைப் பார்த்தேன். கண்ணீர் அஞ்சலி. ரேஷன் கார்டு போட்டோவைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். பசைகூடக் காயவில்லை.

என் தாய் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருக்க, நான் வானத்தில் சிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன். இதை எந்த ஜென்மத்தில் மறப்பது? காரியம் முடிந்த அன்றைக்கே என் கணவரின் கையை எடுத்து என் தலையில் வைத்துக்கொண்டேன்.

"எங்கப்பாவுக்கு ஏதாவது ஒண்ணுன்னா அடுத்த நிமிஷம் எனக்குத் தெரியணும். நான் அழுதுக்கிட்டுத்தான் போகணும், சிரிச்சுக்கிட்டுப் போகக் கூடாது. சத்தியம் பண்ணுங்க" என்றேன்.

"சத்தியம்" என்றார்.

போன டிசம்பரில் நேஷனல் டே லீவை ஒட்டி நாங்கள் பல்கேரியா போனோம். கணவர் ஒரு கான்ட்ராக்டிங் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். அவருக்குப் பக்கத்து மேசை இன்ஜினியர் பல்கேரியாக்காரர். கருங்கடல் ஓரத்தில் அவருடைய ஊர். ஏசுநாதர் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கே ஜனங்கள் குடியிருக்கிறார்களாம், தெருவுக்கு ஒரு பழைய தேவாலயமாம், மூன்று பக்கம் அல்ல, நாலு பக்கமும் கடலாம். தினம் இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு இவருக்கு ஆசை வந்துவிட்டது. "எங்கம்மா வீடு சும்மாதான் கிடக்கு, போய்த் தங்குங்க" என்று அந்த இன்ஜினியர் சொன்னதும் இவர் டிக்கெட்டைப் போட்டுவிட்டார்.

அப்பா அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். நெஞ்சில் நீர் கோத்து, ஐசியுவில் வைத்து, பிறகு வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். எனக்குப் போக மனமே இல்லை. ஆனால் அப்பாவே மூக்கில் குழாயோடு வீடியோ காலில் வந்து, "போயிட்டு வாம்மா. அங்கல்லாம் பனி பெய்யுமாமே. போட்டோ அனுப்பு, பார்க்கிறேன்" என்றார். குரல் தெளிவாகத்தான் இருந்தது. அந்தக் குரலை நம்பித்தான் கிளம்பினேன்.

சோஃபியாவில் இறங்கி, அங்கிருந்து பாதி நாள் பஸ். ஊர் கடலுக்குள் இருந்தது. கரையிலிருந்து ஒரு ஒற்றைப் பாதை மட்டும் நீட்டி ஊரைப் பிடித்துவைத்திருந்தது. பாதையின் நடுவில் மரத்தாலான ஒரு பழைய காற்றாலை. அதைத் தாண்டினால் இடிந்த கோட்டைச் சுவர், அப்புறம் கீழே கல்லும் மேலே மரப்பலகையுமாக வீடுகள். வெயில் காலத்தில் கால் வைக்க இடமிருக்காதாம். நாங்கள் போனபோது ஒரு ஈ காக்கை இல்லை. கடைகள் எல்லாம் பலகை அடித்து மூடிக் கிடந்தன. பஸ்ஸில் கடைசி வரை வந்தது நாங்கள் இரண்டு பேர்தான். டிரைவர் எங்களை இறக்கிவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு, அப்படியே திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அந்த இன்ஜினியர் வீட்டு வாசலுக்குப் போய் நின்றால், கதவில் ஒரு பெண்மணியின் போட்டோ. ஒரு காகிதத்தில் அச்சடித்து, சிலுவை போட்டு, கீழே அவர்கள் எழுத்தில் ஏதோ நாலு வரி. கைப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இவரைப் பார்த்தேன்.

"இது அவரோட அம்மாதான். இந்த நாட்டுப் பழக்கமாம். யாராவது செத்துட்டா வீட்டுக் கதவுல, மரத்துல, பஸ் ஸ்டாப்புல ஒட்டுவாங்களாம். நாற்பதாம் நாளுக்கு ஒண்ணு, அப்புறம் வருஷா வருஷம் ஒண்ணு. அவர் சொல்லியிருக்கார்" என்றார் கணவர்.

"இதை எங்கிட்ட சொல்லித் தொலைச்சா என்ன?"

"சொன்னா வந்திருப்பியா?"

அவர் சொன்னது சரிதான். திரும்பிப் பார்த்தால் எதிர்வீட்டுக் கதவிலும் ஒரு முகம். விளக்குக் கம்பத்தில் மூன்று முகங்கள். எங்கள் ஊர் போஸ்டர் மாதிரியேதான், வருந்தும் நண்பர்கள் என்று பத்துப் பேர் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நிற்கிற படம் மட்டும் இல்லை. சில காகிதங்கள் மழையில் ஊறி முகம் கரைந்து கண் மட்டும் மிச்சமிருந்தது. உயிரோடு ஒருத்தரையும் காணவில்லை, செத்தவர்கள் மட்டும் தெரு முழுக்க நின்று எங்களை வேடிக்கை பார்த்தார்கள்.

சாவி பக்கத்து வீட்டு அம்மாளிடம் இருந்தது. கறுப்பு முக்காடு, கறுப்புப் பாவாடை, உதட்டில் சிரிப்பே கிடையாது. அந்த அம்மாளுக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தை வராது. ஊரில் பூஜை நடக்கிற ஒரே தேவாலயத்தில் மெழுகுவர்த்தி விற்பதும் அவரேதான் என்று அன்று சாயங்காலமே தெரிந்தது.

சாயங்காலம் அந்தத் தேவாலயத்துக்கு இரண்டு பேரும் போனோம். அப்பாவுக்காக ஒரு மெழுகுவர்த்தி வாங்கினேன். வாசலில் அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க, இவர் ஒரு போட்டோ எடுத்தார். உள்ளே இரும்பில் ஒரு விளக்குத் தாங்கி இருந்தது. இடுப்பு உயரத்தில் ஒரு தட்டு, கீழே தரையோடு மணல் போட்ட இன்னொரு தட்டு. நம் ஊரில் விளக்கை சாமி காலடியில்தானே வைப்போம்? நான் பக்தியாகக் குனிந்து, கீழே மணலில் குத்தி வைத்து, கண்ணை மூடி "அப்பா நல்லாயிடணும்" என்று வேண்டிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தால் அந்த அம்மாள் என் பக்கத்தில் நிற்கிறார். மெழுகுவர்த்தியைக் காட்டி ஏதோ கேட்டார். எனக்கு விளங்கவில்லை. உடனே அவர் கீழ்த் தட்டைக் காட்டி, இரண்டு கையையும் நெஞ்சில் குறுக்கே வைத்து, கண்ணை மூடிக் காட்டினார். பிறகு மேல் தட்டைக் காட்டி, கண்ணைத் திறந்து, நெஞ்சு ஏறி இறங்க மூச்சு விட்டுக் காட்டினார். கீழே செத்தவர்களுக்கு, மேலே உயிரோடு இருப்பவர்களுக்கு.

"ஐயையோ!" என்று கத்தியே விட்டேன். வெடுக்கென்று பிடுங்கி மேலே வைக்கப் போனால் அது அணைந்துவிட்டது. மறுபடி ஏற்றி மேல் தட்டில் வைத்தேன்.

"தெரியாம வச்சதுதானே, விடு. சாமிக்குத் தெரியாதா?" என்று இவர் சிரித்தார். நானும் வாய்க்குச் சிரித்தேன். மனசு சிரிக்கவில்லை. என் கையாலேயே கொஞ்ச நேரம் அப்பாவைச் செத்தவர்களோடு வைத்துவிட்டேனே என்று அது அரித்துக்கொண்டே இருந்தது.

வாசலில் எடுத்த போட்டோவை அப்பாவுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது. "பனி எங்க?" என்று கேட்டிருந்தார். "நாளைக்கு" என்று போட்டேன். அப்பாடா என்றிருந்தது.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாகப் போனை எடுத்துப் பார்த்தேன். எங்கள் குடும்பத்து வாட்ஸ்அப் குரூப்பில் சித்தப்பா தினமும் குட் மார்னிங் சொல்லி ஒரு ரோஜாப்பூ அனுப்புவார். மழையானாலும் புயலானாலும் அது நின்றதில்லை. அவர் பூ போட்டதும் அத்தை ஒரு பிள்ளையார், மாமா ஒரு தத்துவம் என்று வரிசையாக வந்து விழும். "இந்தக் கழுத்தறுப்பை யாராவது நிறுத்த மாட்டீங்களா" என்று நான் திட்டாத நாளில்லை. அன்றைக்கு ரோஜாப்பூ இல்லை. பிள்ளையாரும் இல்லை.

"சித்தப்பாவுக்கு நெட் தீர்ந்திருக்கும்" என்றார் கணவர்.

"அத்தைக்கும் தீர்ந்துடுச்சா?"

"காலங்காத்தால ஆரம்பிக்காதே. வா, வெளிச்சம் நல்லா இருக்கு."

காற்றாலைக்குப் போனோம். அதன் முன்னால் நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்தார். அந்த நேரம் அவருக்கு ஒரு போன் வந்தது. "ஆபீஸ்" என்று சொல்லிவிட்டுக் கோட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் போனார். லீவு நாளில் என்ன ஆபீஸ்? காற்று அடித்த அடியில் அவர் பேசினது ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வந்தவருக்குக் கண் சிவந்திருந்தது. "என்னா காத்துடா சாமி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதன் பிறகு மனுஷன் போட்டோவாக எடுத்துத் தள்ளினார். சுவரோரம் நில்லு, இந்தப் படியில உட்காரு, கொஞ்சம் சிரி, இன்னும் கொஞ்சம் சிரி. எப்போதும் "போதும் வா" என்று என்னை இழுத்துக்கொண்டு போகிறவர் அவர். அன்றைக்கு ஒரு தரம்கூட அதைச் சொல்லவில்லை.

ஒவ்வொன்றையும் அப்பாவுக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் அந்த இரண்டு டிக்கும் நீலமானது. அடுத்த படமும் நீலம். அப்பா பார்க்கிறார், டைப் பண்ண முடியவில்லை போலிருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அண்ணனுக்குப் போட்டேன், எடுக்கவில்லை. அண்ணி எடுத்தாள்.

"அப்பா தூங்குறாங்க. உங்கண்ணன் டாக்டரைப் பார்க்கப் போயிருக்காங்க" என்றாள். அவளுக்குப் பின்னால் நாற்காலிகளை வரிசையாக இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

"ஆஸ்பத்திரியில ஏது அண்ணி இவ்வளவு நாற்காலி?"

"கேண்டீன்ல நிக்கிறேன்மா. அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டாள்.

அப்பா தூங்குகிறார் என்றால் என் படங்களை யார் பார்க்கிறார்கள்? நான் இதைக் கேட்டதும் இவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "நர்ஸ் காட்டியிருப்பாங்க, முழிச்சிருந்தப்போ" என்றார். சாப்பிடப் போனோம். திறந்திருந்தது ஒரே ஒரு கடை. என் கணவர் நடப்பது பறப்பது எதையும் விடாதவர். முதல் நாள் அதே கடையில் ஆட்டுக்கறியைச் சப்புக்கொட்டித் தின்றவர். அன்றைக்கு ரொட்டியும் தயிரும் மட்டும் போதும் என்றார்.

"என்ன திடீர்னு?"

"வயிறு சரியில்லை."

எனக்கும் அவர் தயிரே சொன்னார். என்னைக் கேட்காமலே சொன்னார். கூட வாழ்கிற மனுஷனைத் தெரியாதா? ஆனால் கேட்கப் பயமாக இருந்தது. கேட்டுவிட்டால் பதில் வந்துவிடும். நான்தானே சத்தியம் வாங்கினவள், நானே கேட்காமல் அந்தத் தயிரை விழுங்கினேன்.

நாலு மணிக்கே இருட்டத் தொடங்கியது. தெருவில் நடக்க நடக்க, கதவுக்குக் கதவு அந்த முகங்கள். இந்த ஊரில் ஒருவன் செத்தால் நாய்க்கும் தெரியும், காக்கைக்கும் தெரியும், யாரோ எவளோ எனக்கும் தெரியும். என் வீட்டில் மட்டும்தான் மூடி மூடி வைப்பார்கள் என்று நினைத்தபோது கோபத்தில் கால் தானாக வேகமெடுத்தது. அது என்னைக் கொண்டுபோய்த் தேவாலயத்து வாசலில் நிறுத்தியது.

"உள்ள வாங்க" என்றேன்.

"நீ போயிட்டு வா. எனக்குக் கால் வலிக்குது" என்றார். நேற்று எனக்கு முன்னால் நுழைந்தவர் இன்று வாசற்படியைக்கூடத் தொடவில்லை. ஒதுங்கி, தெருவிலேயே நின்றார். கோயில் வாசலில் யார் அப்படி ஒதுங்கி நிற்பார்கள் என்று எனக்குத் தெரியாதா?

நான் உள்ளே போய் ஒரு மெழுகுவர்த்தி வாங்கி, ஏற்றி, கையால் மறைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து அவரிடம் நீட்டினேன்.

"எங்கப்பா உயிரோட இருந்தா, உள்ள வந்து இதை மேல் தட்டுல வைங்க. நான் வேற ஒண்ணும் கேக்கல. வாயால ஒண்ணும் சொல்லவேணாம்."

அவர் என்னைப் பார்த்தார். மெழுகு உருகி என் விரலில் வழிந்தது. சுடுகிறது என்றுகூடத் தோன்றவில்லை. "மேலதானே? வைங்க" என்றேன்.

மெழுகுவர்த்தியை வாங்கிக்கொண்டார். செருப்பைக் கழற்றுவதுபோல ஷூவைக் கழற்றினார். உள்ளே வந்தார். மேல் தட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குனிந்தார். குனிந்து, கீழே மணலில் வைத்துவிட்டு, எழுந்திருக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"அடப்பாவி!" என்று அவர் முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தேன். அவர் தடுக்கவில்லை. "சத்தியம் பண்ணினியே, சத்தியம் பண்ணினியே" என்று அடித்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரை ஒருமையில் பேசினது அன்றைக்குத்தான். மெழுகுவர்த்தி அம்மாள் ஓடி வந்தார். கீழ்த் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்படியே என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அந்த முக்காட்டில் முகத்தைப் புதைத்து ஊர் கேட்க ஒப்பாரி வைத்தேன்.

"விடியறதுக்கு முன்னாலேயே போயிட்டாராம். காற்றாலைகிட்ட வந்தது உங்கண்ணன் போன். காலை பஸ் அதுக்குள்ள போயிடுச்சு, நாளைக்குத்தான் அடுத்த பஸ். டிக்கெட்டை மாத்திட்டேன், நீ வர்ற வரைக்கும் வச்சிருப்பாங்க. இந்த அத்துவானத்துல ஒரு பகல் முழுக்க உன்னை அழவிட்டுப் பார்த்துக்கிட்டிருக்க எனக்குத் தெம்பில்லை. தீட்டோட கோயிலுக்குள்ள வரக் கூடாதுன்னு நின்னேன். என்னை மன்னிச்சுடு" என்றார்.

மறுநாள் பஸ்ஸில் அவர் போனில் படங்களைத் திறந்து அவரிடமே நீட்டி ஒன்றே ஒன்று கேட்டேன். "எங்கப்பா எந்தப் போட்டோ வரைக்கும் இருந்தார்?"

அவர் விரலால் தள்ளிக்கொண்டே போனார். படி, சுவர், கடல், காற்றாலை எல்லாம் போனது. தேவாலயத்து வாசலில் நான் மெழுகுவர்த்தியோடு நிற்கிற படத்தில் வந்து நின்றார்.

துபாய் வழியாகத் திருச்சி வரைக்கும் அழுதுகொண்டே போனேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். நான் கேட்டது அதுதானே, அது கிடைத்தது. தெருமுனையில் அப்பா போஸ்டரில் இருந்தார். காரை நிறுத்தச் சொல்லி, இறங்கி, நின்று பார்த்துவிட்டுப் போனேன்.

வீட்டில் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் அப்பாவின் போன் கிடந்தது. என்னைக் கண்டதும் அதை எடுத்து நீட்டினான்.

"நீ அனுப்பிக்கிட்டே இருந்தியா… பார்க்காம விட்டா உனக்கு சந்தேகம் வந்துடும்னு, நான்தான் இங்க உட்கார்ந்து ஒவ்வொண்ணா தொறந்து தொறந்து பார்த்தேன்" என்று சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளைபோல அழுதான்.

போனைத் திறந்தேன். "பனி எங்க?" என்று அப்பா கேட்டிருந்தார். அதற்குக் கீழே வரிசையாக நான். எல்லாவற்றிலும் சிரித்துக்கொண்டிருந்தேன்.